ஒருவர் நீங்கலாக

என் மனைவி இறந்து எட்டு மாதங்கள் கழித்துத்தான் அவளுடைய கைப்பேசியைத் திறந்தேன். அதைத் திறக்கும் எண் எனக்கு எப்போதும் தெரியும். எங்கள் மகளின் பிறந்த நாள். அவள் அதை என்னிடம் ஒளித்ததில்லை. அவள் இருந்தவரை நான் ஒருமுறைகூட அதை அழுத்தியதும் இல்லை. வீட்டின் மின் இணைப்பு அவள் பெயரில் இருந்தது. அதை மாற்ற விண்ணப்பித்தபோது, அவள் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும், அதிலுள்ள ஆறு இலக்கங்களைச் சொல்ல வேண்டும் என்றார்கள். அதனால் திறக்க நேர்ந்தது.

இலக்கங்களைக் குறித்துக்கொண்டதும் கைப்பேசியை அலமாரியில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. எழுபத்திரண்டு வயதில் விரல் நடுங்கி வேண்டாத இடத்தில் பட்டுவிட்டது என்று எழுதலாம், அது உண்மையாகாது. அவள் ஸ்டேட்டஸ் வைக்கும் பக்கத்துக்கு நானாகவே சென்றேன். இருபத்து நான்கு மணி நேரம் மட்டும் இருந்துவிட்டுத் தானாக மறைந்துபோகும் அந்தப் பதிவுகள் ஒன்றும் இப்போது அங்கே இல்லை. ஆனால் அவற்றை யாரெல்லாம் பார்க்கலாம் என்று அவள் செய்துவைத்திருந்த ஏற்பாடு அப்படியே இருந்தது. எனது தொடர்புகள், ஒருவர் நீங்கலாக.

அந்த ஒருவர் யார் என்று தொட்டுப் பார்த்தேன். 'டாக்டரு' என்று வந்தது.

அது நான்தான். நான் மருத்துவன் அல்லன். துறைமுகத்தின் அளவைப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றியவன். கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் வாங்கியவன். காலடிப்பேட்டையில் நாங்கள் குடிவந்த புதிதில், வாசற் பெயர்ப்பலகையில் 'முனைவர்' என்பதற்குப் பதிலாக 'டாக்டர்' என்று எழுதிவிட்டார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வந்தவர்களை அவள்தான் திருப்பி அனுப்புவாள். "இந்த டாக்டரு சமுத்திரத்துக்கு மட்டுந்தான் நாடி புடிப்பாரு. நீ மூணாவது தெருவுக்குப் போ நைனா" என்பாள். அன்றிலிருந்து தெருவுக்கும் அவளுக்கும் நான் டாக்டரு.

அவள் இராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளை ஆட்கள் கையால் இணைத்துக்கொடுத்த காலத்தில் பணிக்குச் சேர்ந்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டால் அவள் தமிழ் அச்சடித்த புத்தகம் போல வரும். "தயவுசெய்து காத்திருங்கள், இணைப்பு கொடுக்கிறேன்." கருவியைக் கழற்றியதும், "இன்னாய்யா, சாப்டியா?" மற்றவர்கள் இருந்தால் என்னை 'நீங்க' என்பாள். இருவர் மட்டும் இருந்தால் 'நீ'. தெற்கு மாவட்டத்து வணிகக் குடும்பத்தில் பிறந்த எனக்கு முதல் சில மாதங்கள் அந்த 'நீ' காதில் இடித்தது. பிறகு, அவள் 'நீங்க' என்று சொல்லும் நாட்களில் என்ன தவறு செய்தேன் என்று யோசிக்கப் பழகினேன்.

அந்த வேலையில் ஒரு விதி இருந்தது. இணைப்பு சரியாக விழுந்ததா என்று ஓரிரு சொற்கள் கேட்கலாம். அதற்குமேல் கேட்கக் கூடாது. கேட்டது எதுவானாலும் வெளியே சொல்லக் கூடாது. எத்தனையோ மரணச் செய்திகள், பெண் பார்க்கும் பேச்சுகள், அழுகைகள் அவள் காது வழியாகப் போயிருக்கும். ஒன்றைக்கூட அவள் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. "பேச்சுன்றது பூடறதுக்குத்தான்யா. அது பூடும்னுதான் ஜனம் பேசுது" என்பாள்.

என் வேலை இதற்கு நேர் எதிரானது. கடலோரக் கிணறு ஒன்றில் மிதவை ஏறி இறங்க, அதனோடு இணைந்த பேனா ஓர் உருளைத் தாளில் கோடு வரைந்துகொண்டே இருக்கும். அந்தத் தாளைக் கழற்றி, நாள் குறித்து, காற்றும் மழையும் குறித்து, ஆண்டு முடிவில் ரெக்ஸின் அட்டை போட்டுத் தைத்து வைப்போம். ஒரு மணி நேரக் கோடு விட்டுப்போனாலும் அதற்குக் காரணம் எழுத வேண்டும். எதையும் விடாமல் வைத்திருப்பதுதான் கடலுக்குச் செய்யும் மரியாதை என்று நான் நம்பினேன். மனைவிக்கும் அதுவே மரியாதை என்று நினைத்ததுதான் என் பிழை.

ஓய்வு பெற்ற பிறகு அவள் ஸ்டேட்டஸ் வைக்கக் கற்றுக்கொண்டாள். அந்நாட்களில் எல்லாம் எழுத்தும் படமும்தான். கழுவி வைத்த கானாங்கெளுத்தி மீனின் படம். மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை எண்ணூர் ஆலைப் புகையில் மாலைக்குள் சாம்பல் நிறமானதைக் காட்டி, 'எண்ணூரு சலவை' என்று ஒரு வரி. செய்தித்தாளுக்குப் பின்னால் என் இரண்டு கால்கள் மட்டும் தெரியும் படத்துக்குக் கீழே, 'மேற்படியார் உள்ளே இருக்கிறார்'. நான் ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். தெருமுனைக் கடையில் அச்சிட்டேன். கீழே தேதி, நேரம், அன்றைய வானிலை, ஒரு குறிப்புப் பத்தி. ஓராண்டு நிறைந்ததும், துறைமுகப் பதிவேடுகளைத் தைத்துக்கொடுத்த அதே முதியவரிடம் கொடுத்துத் தைத்து, எங்கள் திருமண நாளன்று அவள் கையில் கொடுத்தேன். நான் அவளுக்குக் கொடுத்த பரிசுகளில் அதைவிட அதிக உழைப்பு எதற்கும் போட்டதில்லை.

அவள் சிரித்துக்கொண்டேதான் புரட்டினாள். "பைத்தியம்யா நீ" என்றாள். ஒரு பக்கத்தில் கை நின்றது.

"இத்த நான் அழிச்சேனே."

ஆமாம், அழித்திருந்தாள். நண்பகலில் வைத்து, அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டிருந்தாள். அந்த அரை மணிக்குள் நான் படியெடுத்திருந்தேன். என் குறிப்புப் பத்தியில் '12.30 மணிக்கு நீக்கப்பட்டது' என்றுகூட எழுதியிருந்தேன். அதிலிருந்த வரியை இங்கே எழுதப் போவதில்லை. அது என்னைப் பற்றியது; இந்த வீட்டில் அவள் சொல்லி நான் காதில் வாங்காமல் போன ஒன்றைப் பற்றியது. அந்த வரியைப் பத்திரப்படுத்தினேன், நேரம் குறித்தேன், தைத்தேன். அதற்குப் பதில் மட்டும் சொல்லவில்லை.

அவள் சண்டை போடவில்லை. "நல்லா தச்சிருக்காங்க" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினாள். சிறிது நேரம் கழித்து, "காபி குடிக்கிறீங்களா?" என்றாள். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

மறுநாளிலிருந்து அவள் ஸ்டேட்டஸ் எதுவும் எனக்கு வரவில்லை. 'நீங்க' இரண்டு நாளில் 'நீ' ஆகிவிட்டது. வீடு வழக்கம்போல் இருந்தது. ஆர்வம் போய்விட்டது போலும் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று ஆண்டுகள் அப்படியே எண்ணியிருந்தேன்.

'டாக்டரு' என்ற அந்தச் சொல்லைப் பார்த்த மறுநாள் காலை, வெளியூரில் இருக்கும் மகளை அழைத்தேன்.

"அம்மா கடைசி வரைக்கும் ஸ்டேட்டஸ் வச்சாளாம்மா?"

"தினமும் வச்சாங்கப்பா. ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குக் காலையிலகூட. எல்லாம் குரல்தான். எழுத்தே கிடையாது. எழுதினா அப்பா பைண்டிங் பண்ணிடுவாருன்னு சொல்வாங்க."

"உன்கிட்ட ஏதாவது இருக்கா?"

"இல்லப்பா. கேட்டுட்டு வுட்டுடு, புடிச்சி வைக்காதேன்னு சொல்லியிருந்தாங்க. நான் வைக்கல." பிறகு, தாழ்ந்த குரலில், "ஒண்ணே ஒண்ணு வச்சிருந்திருக்கலாம்" என்றாள்.

தாயின் சொல்லை மகள் காப்பாற்றியிருக்கிறாள். அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அப்படித்தான் அவளிடமும் சொன்னேன். ஆனால் அழைப்பு முடிந்த பிறகு, நான் இல்லாத இடத்தில் என் மனைவி எப்படிப் பேசினாள் என்பதைக் கேட்டே ஆக வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு இரண்டு நாட்கள் இருந்தேன். பசி போன்ற எண்ணம் அது. அதைக் கேட்கும் உரிமையை அவள் எனக்கு மட்டும்தான் கொடுக்கவில்லை என்பதும் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் இறால்காரம்மா வந்தாள். காத்திவாக்கத்துக்காரி. கணவனும் அவளும் கழிமுகத்தில் இறால் பிடித்து, வாரம் இருமுறை ஷேர் ஆட்டோவில் அன்னக்கூடையோடு எங்கள் தெருவுக்கு வருவார்கள்; கணவன் போன பிறகு அவள் மட்டும் வருகிறாள். என் மனைவியோடு இருபது ஆண்டுப் பழக்கம். எனக்குச் சமைக்கத் தெரியாது என்பதால், இப்போதெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து இறாலை உரித்து, மஞ்சள் தடவி, ஒரு கொதி விட்டு எப்படி இறக்குவது என்பதையும் சொல்லிவிட்டுப் போவாள். ஒவ்வொரு முறையும் அதே பாடம்.

"இன்னா சார், மூஞ்சி வாடிகினு கீது? துன்னியா இல்லியா?"

"சாப்பிட்டேன். அவங்க ஸ்டேட்டஸ் நீ கேட்டிருக்கியாம்மா?"

"கேக்காம? அத்தக் கேட்டாத்தான் எனக்கு டீயே எறங்கும். எனக்குப் படிக்க வராதுன்னுதான அக்கா வாயால பேச ஆரமிச்சாங்க." சொல்லிவிட்டு அவள் கை இறாலோடு நின்றது. "உனக்கு யார் சார் சொன்னது? டாக்டருக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிகீறாங்க."

"யாரும் சொல்லல. நானே பார்த்தேன்."

"அப்ப சரி. என் மேல பாவம் இல்ல." மறுபடி உரித்தாள். பிறகு, வெகு இயல்பாக, "நாந்தான் ஒண்ணு வுடாம ஸ்கிரீன்சாட்டு எடுத்து வச்சிகீறேனே" என்றாள்.

கையிலிருந்த செய்தித்தாளை மடித்தேன். மடித்ததை மறுபடி மடித்தேன். அப்போது தெருமுனையில் கன்டெய்னர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் ஒலியெழுப்பிக்கொண்டிருந்தது. அது ஓயும்வரை எனக்கு நேரம் கிடைத்தது. வேண்டும் என்று கேட்டால் கொடுத்துவிடுவாள். கேட்டால், நான் அந்தப் புத்தகத்தைத் தைத்த அதே மனிதன். "வேண்டாம்மா" என்றேன். சொல்லத் தாமதித்துவிட்டேன். அதற்குள் அவள் கையை முந்தானையில் துடைத்து, இடுப்பிலிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, கைப்பேசியின் திரையை என் முகத்துக்கு நேரே நீட்டியிருந்தாள்.

ஊதா நிறத் திரை. நடுவில் ஒரு பழைய தொலைபேசியின் படம். பெயர் படிக்க வராதவளுக்காக என் மனைவியே தன் எண்ணுக்கு வைத்துக்கொடுத்த அடையாளம். அதன் பக்கத்தில் குட்டையும் நெட்டையுமாக ஒரு வரிசைக் கோடுகள். மேலே நேரம், 6.40.

அவள் அந்தக் கோடுகளின் மேல் கட்டைவிரலால் அழுத்தினாள். இன்னும் அழுத்தமாக அழுத்தினாள்.

"பேச மாட்டேங்குது சார். அன்னிக்கு நல்லா கேட்டுது. அக்கா போனதுலேந்து நானும் அமுக்கிகினே கீறேன். போனு ரிப்பேருன்னு கடைல குடுத்தேன், அவன் இன்னாடான்னா சிரிக்கிறான், கம்மினாட்டி."

எனக்குப் புரிந்துவிட்டது. எட்டு மாதங்களாக அவளும் ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் இன்னொரு கடைக்குப் போய் இன்னொருவன் சிரிப்பதற்கு நான் காரணமாக விரும்பவில்லை.

"இது போட்டோம்மா. கல்யாணத்துல நாதஸ்வரக்காரரப் போட்டோ எடுத்தா படத்துல சத்தம் வருமா? அது மாதிரி. அவங்க பேசினது இதுல இல்ல."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப எல்லாம் பூட்ச்சா?"

"போயிடுச்சு."

"இத்தினியுமா?" என்று விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஊதா, பச்சை, ஆரஞ்சு. எல்லாவற்றிலும் அந்தத் தொலைபேசி, எல்லாவற்றிலும் கோடுகள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஆறே முக்காலுக்கு முன்னும் பின்னுமான நேரம். கற்கள் கொட்டிய கடற்கரை வரை நடக்க நான் கிளம்பும் நேரம் அது. மூன்று ஆண்டுகள், நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, அவள் பேசியிருக்கிறாள்.

இறால்காரம்மாவின் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது. என்னிடம் இருந்தது ஒன்றுதான்.

"இங்க பாரு. இந்தக் கோடு உயரமா இருந்தா சத்தமாப் பேசியிருக்கான்னு அர்த்தம். குட்டையா இருந்தா மெதுவா. இந்த இடத்துல ஒண்ணுமே இல்ல பாரு, மூச்சு விட்டிருக்கா. அப்புறம் திடீர்னு அடுக்கடுக்கா வருது. இங்க சிரிச்சிருக்கா."

அவள் கூர்ந்து பார்த்தாள். "ஆமா சார்! அன்னிக்குத்தான் அக்கா உன்ன மாதிரியே..."

"சொல்லாத."

"இன்னா சார்?"

"என்ன பேசினான்னு எனக்குச் சொல்லாத. அவ சொல்ல வேணாம்னு நினைச்சா. கோடு மட்டும் நான் பார்க்குறேன். சரியா தப்பான்னு மட்டும் நீ சொல்லு."

அவளுக்கு அது பிடித்துவிட்டது. நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். "இது தொடக்கத்துல சாதாரணமா இருக்கு, கடைசில கத்தியிருக்கா." "கரீட்டு." "இது ரகசியம் மாதிரி." "கரீட்டு, கரீட்டு." "இது பாட்டு." "அட! உனக்கு எப்டி சார் தெரியுது?" பாட்டுக்கு மூச்சு விடும் இடங்கள் ஒழுங்காக வரும் என்றேன். இறால் கூடையில் பனிக்கட்டி கரைந்து வாசற்படியில் வழிந்துகொண்டிருந்தது. துறைமுகத்தில்கூட யாரும் என் கோடுகளை இத்தனை ஆவலாகக் கேட்டதில்லை.

பிறகு ஒரு படத்தில் நான் நின்றேன். அது காலையில் எடுத்ததல்ல, பிற்பகல் 3.10. கோடுகள் மெல்ல எழுந்து, உச்சி தொட்டு, சரிந்து, அடங்கின. மீண்டும் எழுந்தன. ஐந்து மேடுகள், இடையே ஒரே அளவான பள்ளங்கள். பேச்சில் இப்படி ஓர் ஒழுங்கு வராது. பாட்டிலும் வராது. உருளைத் தாளில் இதைப் போன்ற கோட்டை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன்.

"இது அவ பேசினது இல்ல. கடலா? கரைக்குப் போயிருந்தாளா?"

இறால்காரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அது நீ சார்."

"நானா?"

"உன் கொறட்ட! மத்தியானம் நீ தூங்கிகினு இருக்கசொல்ல அக்கா செல்போன பக்கத்துல வச்சிகீறாங்க. தெருவே கேட்டுச்சி சார். எங்கூட்டுக்காரு அப்ப உசுரோட இருந்தாரு. இன்னாமே, எண்ணூர்ல கப்பல் கரை தட்டிச்சான்னு கேட்டாரு."

நான் சிரித்தேன். எட்டு மாதங்களில் என் வாயிலிருந்து வந்த அந்தச் சத்தம் எனக்கே அன்னியமாக இருந்தது. என் குறட்டை ஊருக்கெல்லாம் போயிருக்கிறது. என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, முப்பது வினாடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தக் கைப்பேசியைப் பிடித்திருந்த கையை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

கேட்கக் கூடாது என்று வைத்திருந்த கேள்வி அதற்குப் பிறகு வந்துவிட்டது.

"எப்பவாவது என் மேல கோவமாப் பேசினாளா?"

"அது சொல்லலாமா சார்? நீதான சொல்லாதேன்ன."

"சரி. சொல்லாத."

"சொல்லல." ஓர் இறாலை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள். "ஆனா கோவமாப் பேசியிருந்தா நாங்க இத்தினி பேரு இத்தினி நாளு சிரிச்சிருப்பமா? நீயே யோசி. படிச்ச ஆளுதான நீ."

போவதற்கு முன், "சத்தந்தான் இல்லியே, எல்லாத்தையும் அழிச்சுடட்டா?" என்று கேட்டாள். அது அவளிடம் இருப்பது, அவள்தான் முடிவு செய்ய வேண்டும் என்றேன். சிறிது யோசித்தாள். "வேணாம். கோடாவது இருக்கட்டும்" என்று உறையில் சுற்றிக்கொண்டாள். அந்த 3.10 மணிப் படத்தை மட்டும் எனக்கு அனுப்பச் சொன்னேன். மற்றவை அவளுக்குச் சொல்லப்பட்டவை. அது ஒன்று என்னுடையது.

அவள் போன பிறகு அலமாரியின் மேலிருந்து தைத்த புத்தகத்தை இறக்கினேன். அவள் அழித்த அந்தப் பக்கத்தை, தையல் பிரியாமல் சவரக்கத்தியால் வெட்டி எடுத்து, துண்டு துண்டாகக் கிழித்தேன். பதிவேடு ஒன்றிலிருந்து நான் நீக்கிய ஒரே தாள் அதுதான். காரணம் எழுதவில்லை.

பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு ஸ்டேட்டஸ் வைத்தேன். அந்த ஐந்து மேடுகளின் படம். கீழே எதுவும் எழுதவில்லை. யார் பார்க்கலாம் என்ற இடத்தில் யாரையும் விலக்கவில்லை. வைத்த கையோடு என் கைப்பேசியிலிருந்த படத்தை நீக்கிவிட்டேன். மறுநாள் அதே நேரம் பார்த்தபோது ஸ்டேட்டஸ் மறைந்திருந்தது. என்னிடம் படி எதுவும் இல்லை. அந்த வெறும் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போனேன்.

அடுத்த முறை இறால்காரம்மா வந்தபோது கூடையை இறக்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னா சார், ஸ்டேட்டஸ்லாம் வைக்கிற? தெருவே பேசிகினு கீது. ஆனா சத்தமே வர்ல."

"அது போட்டோம்மா. அதுல சத்தம் வராது. அன்னிக்கே சொன்னேனே."

"சொன்ன, சொன்ன." கூடையை இறக்கி, இடுப்பு உறையைத் தட்டிக் காட்டினாள். "இருந்தாலும் ஒரு ஸ்கிரீன்சாட்டு எடுத்து வச்சிகினேன்."

நான் உள்ளே போய்க் கிண்ணத்தை எடுத்துவந்தேன்.